கணக்கு வரவில்லை என்று வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பதினொரு வருடமாகக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். வேலைக்குப் பெயர் ஸ்பெஷல் எஜுகேட்டர். மேசையில் எப்போதும் ஒரு டப்பா புளியங்கொட்டை இருப்பதால் பிள்ளைகளுக்கு நான் 'புளி மிஸ்'. போனில், வாட்ஸ்அப்பில், ஒரு தடவை ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்தியும்கூட, பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதிலும் எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டை மிச்சம்.

டிஸ்கால்குலியான்னா என்ன? கணக்கு வரலைங்கிறதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரா?

இல்லை. கணக்கு வராமல் போக நூறு காரணம் இருக்கலாம். பள்ளி மாறியிருக்கலாம், கண்ணாடி போடாமல் பலகை தெரியாமல் இருக்கலாம், ஆசிரியர் மேல் பயமாக இருக்கலாம். டிஸ்கால்குலியா என்பது அவற்றிலிருந்து வேறு. எண் என்றால் 'எவ்வளவு' என்கிற உணர்வே சரியாகப் பிடிபடாத நிலை அது. 8 என்று எழுதத் தெரியும், எட்டு என்று சொல்லவும் தெரியும். ஆனால் அது ஐந்தைவிட எவ்வளவு அதிகம், பத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் என்று தோன்றாது. நமக்கு எட்டு என்றதும் மனதில் ஒரு குவியல் வந்து விழுகிறது. அந்தப் பிள்ளைக்கு அது போன் நம்பரில் வரும் ஒரு இலக்கம் மாதிரி வெறும் பெயர்.

1974இல் லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் இதை முறையாக வரையறுத்தார். பொதுவான அறிவுத்திறன் நன்றாக இருக்கும்போதே கணக்குத் திறன் மட்டும் பிறவியிலிருந்து பின்தங்கியிருப்பது என்பது அவர் சொன்னதன் சாரம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் என்று சொல்கின்றன. நாற்பது பேர் வகுப்பென்றால் ஒன்றிரண்டு பேர், சில வகுப்பில் மூன்று பேர். ஆண் பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. 'பொண்ணுதானே, கணக்கு சுமாராத்தான் வரும்' என்று விட்டுவிடுவதால் பெண் பிள்ளைகள் என்னிடம் வந்து சேர இரண்டு வருடம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

யுகேஜி பையன் 6-ஐத் திருப்பி எழுதறான். இதுவா இருக்குமோ?

யுகேஜியில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். ஏழு வயது வரைக்கும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எழுதுவதை விட்டுவிட்டு, தட்டில் மூன்று பிஸ்கட், இன்னொரு தட்டில் ஐந்து பிஸ்கட் வைத்து எது அதிகம் என்று கேளுங்கள். பட்டென்று கையை நீட்டினால் சரி.

அப்ப எதைத்தான் பாக்கணும்?

எட்டு வயதுக்கு மேலும் தொடர்கிற சிலவற்றைப் பாருங்கள். நான் முதல் நாளில் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். மேசையில் நான்கு புளியங்கொட்டையை உருட்டிவிட்டுக் கையால் மூடிவிடுவேன். எத்தனை? மூன்று நான்கு வரைக்கும் எண்ணாமலே ஒரு பார்வையில் சொல்வது மனிதர்களுக்கு இயல்பாக வருவது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 'கையை எடுங்க மிஸ், எண்ணணும்' என்றான். எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டு, நாலு என்றான். அதே நான்கை இன்னும் தள்ளித் தள்ளி வைத்தேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினான். எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை, அவன் கண் முன்னால்தான் நகர்த்தினேன். அவனுக்கு அது புதுக் கணக்கு.

வேறு அடையாளங்களும் உண்டு. 5+3 எவ்வளவு என்றால் முதலில் ஐந்து விரலை ஒன்று இரண்டு என்று எண்ணி, பிறகு மூன்றை எண்ணி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவது. பின்னோக்கி எண்ணச் சொன்னால் திணறுவது. 42-17க்கு 35 என்று எழுதுவது: மேலே 2, கீழே 7, பெரியதிலிருந்து சின்னதைக் கழி, முடிந்தது. இருநூற்று ஐந்தை 2005 என்று எழுதுவது. பஸ் ஸ்டாப்பில் 29சி வருகிறதா பார் என்றால் 92 என்று தேடுவது. நூறு ரூபாயும் பத்து ரூபாயும் வித்தியாசமில்லாமல் தெரிவது. 'பீச்சுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்' என்றால் 'ரெண்டு நிமிஷம்' என்று மாம்பலத்தில் இருந்துகொண்டு சொல்வது.

ஒன்றிரண்டு இருப்பதால் எதுவும் முடிவாகாது. நான்கைந்து சேர்ந்து, வருடக் கணக்கில் அசையாமல் நின்றால் யோசிக்க வேண்டும்.

மத்த எல்லாத்துலயும் 90 வாங்கறா, கணக்குல மட்டும் 20. வேணும்னே பண்றாளோ?

20 மார்க் வாங்குவதில் ஒரு பிள்ளைக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். மார்க் ஷீட்டில் இப்படி ஒரே ஒரு பள்ளம் தெரிவதுதான் டிஸ்கால்குலியாவைச் சந்தேகிக்க நல்ல காரணம். மற்ற பாடங்களில் கெட்டிக்காரத்தனம் இருப்பதாலேயே இந்தப் பிள்ளைகள் நிறையத் திட்டு வாங்குகிறார்கள். 'உனக்குப் புத்தி இருக்கு, உழைப்பு இல்ல' என்ற வசனத்தை எத்தனை ரிப்போர்ட் கார்டில் படித்திருக்கிறேன்! ஒரு பள்ளியில் கணக்கு மார்க் வரிசைப்படி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பேசப் போன நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அதுதான்.

விரல் விட்டு எண்ணக் கூடாதுன்னு மிஸ் சொல்றாங்களே?

எண்ணட்டும். விரல் என்பது இலவசமாகக் கிடைத்த மணிச்சட்டம். தடுத்தால் எண்ணுவதை நிறுத்தமாட்டார்கள், மேசைக்கு அடியில் எண்ணுவார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாததால் தப்பு அதிகமாகும்.

ஆனால் எப்படி எண்ணுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு கையை விரித்தால் ஐந்து என்று எண்ணாமலே தெரிய வேண்டும். 5+3க்கு 'அஞ்சு' என்று கையை விரித்துவிட்டு ஆறு, ஏழு, எட்டு என்று தொடர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தாலே சிலருக்குப் பாதி வேகம் வந்துவிடும். நம் பாட்டிமார் விரல் கணுக்களைக் கட்டை விரலால் தொட்டு, ஒரு கையில் பன்னிரண்டு எண்ணுவார்கள். அதையும் காட்டலாம், சில பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி பிடித்துப்போகிறது.

வாய்ப்பாடு நேத்து ராத்திரி கடகடன்னு சொன்னான். காலைல கேட்டா முழிக்கறான்.

ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று ராகம் போட்டுச் சொல்வது பாட்டு. பாட்டு மனப்பாடமாகும், அதற்குள் இருக்கும் அளவு மனதில் ஏறியிருக்காது. ஏழாறு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் ஓராறிலிருந்து பாடிக்கொண்டே வரவேண்டும். வழியில் ஒரு வரி தப்பினால் எல்லாம் போச்சு. படித்த விடைகளை ஞாபகத்திலிருந்து எடுக்க முடியாமல் தவிப்பது டிஸ்கால்குலியாவின் பிடிவாதமான அடையாளங்களில் ஒன்று. அதிக நேரம் ஒப்பிக்க வைத்தால் அது சரியாவதில்லை.

இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடு மட்டும் உறுதியாக இருக்கட்டும். மற்றதை அதிலிருந்து கட்டலாம். ஆறேழு தெரியாவிட்டால் ஐந்தேழு 35, அதோடு ஒரு ஏழு, 42. நேரம் ஆகும்தான். ஆனால் இது நாளைக் காலையும் இருக்கும்.

கொரோனா சமயத்துல ரெண்டு வருஷம் ஸ்கூலே இல்ல. அதனாலயா இருக்கலாமில்ல?

இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன நூறு காரணங்களில் இது பெரிய காரணம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழ்நாடு அரசு 2021இல் இல்லம் தேடிக் கல்வியையும், 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் தொடங்கியது.

பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விட்டுப்போனதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தால் இடைவெளியால் பின்தங்கிய பிள்ளை கிடுகிடுவென்று ஏறும். டிஸ்கால்குலியா உள்ள பிள்ளையும் ஏறும், ஆனால் ஒரு படிக்கு மாதக் கணக்கில் ஆகும். குறிவைத்து உதவி செய்தும் ஆறு மாதமாவது சிரமம் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று பேசலாம் என்று மனநல மருத்துவர்களின் கையேடும் சொல்கிறது. ஆகவே முதலில் ஆறு மாதம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள். அந்த உழைப்பு எப்படியும் வீணாகாது.

தமிழ்ல எண் சொல்லிக் குடுக்கறதா, இங்கிலீஷ்லயா? ஸ்கூல்ல இங்கிலீஷ், வீட்ல தமிழ், டியூஷன்ல ரெண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். பதினான்கு என்ற சொல்லைப் பிரித்தால் பத்து, நான்கு. சொல்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்று. ஆங்கிலத்தில் ஃபோர்டீன் என்று நான்குதான் முதலில் காதில் விழுகிறது, எனவே பிள்ளை முதலில் 4 எழுதிப் பிறகு 1 எழுதுகிறது. தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் கடைசிப் பெஞ்சுக்கு ஒன்றாகவே கேட்கும். கடிகாரத்திலும் அப்படித்தான். ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால் என்று தமிழ் ஆறை விட்டு நகராது. ஆங்கிலத்தில் 6:45க்கு ஏழு வந்து உட்கார்ந்துகொள்ளும், அதிலிருந்து கால் மணி கழிக்க வேண்டும்.

தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது ஒன்பதின் வீடு. இருபது, முப்பது, எண்பது என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். அடுத்து தொண்ணூறு. காதில் நூறு கேட்கிறது, ஆனால் நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, ஆனால் அது ஆயிரம் இல்லை. போதாததற்கு ஒன்பது என்ற சொல் நாற்பது, ஐம்பதின் தங்கை மாதிரி ஒலிக்கிறது, ஆனால் ஒற்றை இலக்கம். தொண்ணூற்று மூன்று எழுதச் சொன்னேன், ஒரு பெண் 103 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டதற்கு, 'நூறு வருதுல்ல மிஸ், அப்புறம் மூணு' என்றாள். அவள் சொன்ன காரணம் சரி, நம் மொழிதான் அவளை ஏமாற்றிவிட்டது. இப்போது ஒன்பதாம் வரிசைக்கு மட்டும் சிவப்பு அட்டை வைத்துத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குகிறேன்.

பதில் என்னவென்றால், அளவைப் புரியவைக்க வீட்டு மொழி. அது நிலைத்த பிறகு ஆங்கிலப் பெயரை ஒட்டுங்கள். தெலுங்கோ உருதோ பேசும் வீடென்றால் அந்த மொழி. ஒரே வாக்கியத்தில் 'ட்வென்டி சிக்ஸோட நாலு சேர்த்தா' என்று கலப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். கணக்கு போடுவதற்கு முன்னால் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

மூளைல ஏதாவது கோளாறா? ஸ்கேன் எடுக்கணுமா?

ஸ்கேன் வேண்டாம். மூளையின் மேல்பக்கவாட்டுப் பகுதியில் அளவை உணர்வதற்குப் பயன்படும் ஒரு மடிப்பு இருக்கிறது. டிஸ்கால்குலியா உள்ளவர்களிடம் அது சற்று வேறு மாதிரி வேலை செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு தனிப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து 'இருக்கிறது, இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. குடும்பத்தில் ஓடுவது உண்டு, குறைமாதத்தில் மிகக் குறைந்த எடையோடு பிறந்தவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். கர்ப்பத்தின்போது அம்மா கணக்குப் புத்தகம் படிக்காததால் வருவதில்லை. சிரிக்காதீர்கள், ஒரு மாமியார் கேட்டார்.

எழுத்துக்கூட்டுவதில் சிரமமான டிஸ்லெக்ஸியாவோ கவனம் நிற்காத ஏடிஎச்டியோ கூடவே இருப்பது சகஜம். ஆகவே சோதிப்பவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கண், காது பரிசோதனை எல்லாவற்றுக்கும் முன்னால்.

அபாகஸ் கிளாஸ்ல சேத்தா சரியாயிடுமா? பக்கத்து ஃபிளாட் பையன் கண்ண மூடிட்டு கூட்டறான்.

அந்தப் பையனுக்கு எண் உணர்வு ஏற்கெனவே இருந்தது, அதன் மேல் வேகம் ஏறியிருக்கிறது. அபாகஸ் வகுப்பு வேகத்துக்கானது. அஸ்திவாரம் இல்லாத பிள்ளைக்கு மணி நகர்த்தும் விதிகள் இன்னொரு வாய்ப்பாடாகத்தான் போகும். அங்கே கடிகாரம் வைத்துப் போட்டி நடத்துவது வேறு. இந்தப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் விஷம்.

பள்ளியில் இருக்கும் மணிச்சட்டத்தை வீட்டில் நிதானமாக உருட்டினால் நல்லதுதான். பணத்தைக் கட்டிவிட்டீர்கள் என்றால், பிள்ளைக்குப் பிடித்திருந்தால் போகட்டும், அழுதால் நிறுத்துங்கள்.

வீட்ல நாங்க என்ன செய்யணும்? ஒர்க் ஷீட் குடுங்க, போட வைக்கறோம்.

ஒர்க் ஷீட் தரமாட்டேன். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் எல்லோரும் வகுத்தலையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். ஓட்டை வகுத்தலில் இல்லை. கீழே இறங்கிப் பாருங்கள், கழித்தலில் ஆட்டம், அதற்குக் கீழே ஆறும் நாலும், ஏழும் மூணும் என்று பத்தின் ஜோடிகள் தெரியாது, அதற்கும் கீழே ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கே கால் உறுதியாக நிற்கிறதோ அதுவரை இறங்குங்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணோடு யுகேஜி விளையாட்டு விளையாட வெட்கப்படாதீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது வேண்டாம்.

பல்லாங்குழி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொன்றாகப் போடுவதே எண்ணிக்கைப் பாடம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போமே, அதற்குப் பிள்ளை நான்கை எண்ணாமல் கண்ணால் பிடிக்க வேண்டும். முன்னால் சொன்ன அந்த 'ஒரு பார்வை' பயிற்சிதான் இது. தாயக்கட்டையும் நல்லது. பரமபதத்தில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம், பிள்ளை குழம்பும். ஒரே நேர்கோட்டில் 1 முதல் 20 வரை தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு நடக்க விடுங்கள். கோலப்பொடியும் ஆகும்.

பத்தின் ஜோடிகளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. சிலதைக் கைக்குள் மறைத்து, மேசையில் ஆறு இருக்கிறது, கையில் எத்தனை? எண்ணித் திறந்து பார்க்கட்டும். சொல்லும் பதிலை நீங்கள் திருத்த வேண்டியதில்லை, கொட்டையே திருத்தும். இட மதிப்புக்கு ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். 42-17 வரும்போது ஒரு கட்டை அவிழ்த்தால்தான் 7 எடுக்க முடியும் என்று கையே சொல்லிவிடும். பள்ளியில் இதைக் கடன் வாங்குவது என்கிறார்கள். 'கடன் வாங்கினா எப்ப மிஸ் திருப்பித் தரணும்?' என்று ஒருவன் கேட்ட நாளிலிருந்து நான் 'கட்டை அவிழ்ப்பது' என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. ஜிபே வந்த பிறகு பிள்ளைகள் கையில் சில்லறையே வருவதில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் வாரம் ஒரு நாளாவது நோட்டைக் கொடுத்து மீதி வாங்க அனுப்புங்கள். தப்பாக வாங்கி வந்தால் திட்டாமல், அந்த மூன்று ரூபாயை ஃபீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டல், கழித்தல் நல்லா போடறான். 'ராமுவிடம் 12 மாம்பழம் இருந்தது'ன்னு ஆரம்பிச்சா மட்டும் தலை சுத்துது.

இது டிஸ்கால்குலியாவாக இல்லாமலும் இருக்கலாம். கணக்கை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்டதும் போட்டுவிட்டால் சிரமம் வாசிப்பில். கேட்டும் கூட்டுவதா கழிப்பதா என்று தெரியவில்லையென்றால், எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: ராமுவிடம் கொஞ்சம் இருந்தது, தங்கைக்குக் கொஞ்சம் கொடுத்தான், இப்போது கூடியிருக்குமா குறைந்திருக்குமா? பிறகு இருந்ததற்கு ஒன்று, கொடுத்ததற்கு ஒன்று என்று இரண்டு பட்டைகள் வரைந்து காட்டுங்கள்.

'மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி' என்று சூத்திரம் சொல்லிக் கொடுக்கும் டியூஷன்கள் நிறைய. 'மொத்தம் 20 இருந்தது, 8 விற்றது' என்று வந்ததும் அந்தப் பிள்ளை 28 என்று எழுதிவிட்டு வருகிறது.

டெஸ்ட் எங்க எடுக்கறது? யாரப் பாக்கணும்?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அல்லது ரிஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட் சோதிக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் பெங்களூருவில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள், அதோடு பொது அறிவுத்திறன் சோதனையும் உண்டு. சென்னையில் இருப்பது நம் அதிர்ஷ்டம். 1990களின் தொடக்கத்திலிருந்தே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இங்கே இயங்குகிறது, பெயரில் டிஸ்லெக்ஸியா இருந்தாலும் கணக்குச் சிரமத்தோடும் போகலாம். ஈசிஆரில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அரை மணி நேரத்தில் ஆன்லைனில் சோதித்து ரிப்போர்ட் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். வீட்டுச் சூழல், பள்ளி நோட்டு, ஆசிரியர் சொல்வது எல்லாம் பார்க்காமல் எழுதும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. பழைய கணக்கு நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். சிவப்பு மையால் அடித்த தப்புகள்தான் சோதிப்பவருக்குப் பொக்கிஷம்.

சர்டிஃபிகேட் வாங்கினா பிற்காலத்துல வேலை, கல்யாணம் எல்லாம் பாதிக்காதா?

சர்டிஃபிகேட் உங்கள் பீரோவில் இருக்கும் காகிதம். நீங்கள் நீட்டினால்தான் அடுத்தவர் பார்ப்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது, டிஸ்கால்குலியாவின் பெயர் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிப்பு இருந்தால் உயர்கல்வியிலும் அரசு வேலையிலும் ஒதுக்கீடும் உண்டு. வேலையைக் கெடுப்பதற்கு நேர் எதிர்.

2018இல் வந்த வழிகாட்டுதலின்படி எட்டு வயது நிறைந்த பிறகுதான் சர்டிஃபிகேட். பிறகு 14 வயதில் மறுபடி சோதனை, 18இல் மறுபடி. 18இல் தருவது ஆயுள் முழுவதற்கும் செல்லும். தனியார் ரிப்போர்ட் பள்ளிக்குள் போதும், போர்டு பரீட்சைக்கு அரசு மருத்துவக் குழு தந்ததுதான் வேண்டும். கல்யாணத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, ஜாதகத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பரீட்சைல என்னென்ன சலுகை?

ஸ்டேட் போர்டில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு, தலைமை ஆசிரியர் மூலமாக அரசுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிபிஎஸ்இயில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், எழுதுபவர், சாதாரணக் கால்குலேட்டர். பத்தாம் வகுப்பில் அங்கே எளிதான 'பேசிக்' கணக்குத் தாளையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணக்கே இல்லாமல் பத்தாவது முடிக்க முடியும். ஆனால் அதற்குப் பிறகு என்ன படிப்பது என்பதை முதலில் யோசித்துவிட்டு அங்கே போங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள். பிப்ரவரியில் ஓடி வருபவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் என்னால் முடிகிறது.

மருந்து இருக்கா? எப்ப குணமாகும்?

மருந்து இல்லை. நோய் இல்லாததால் குணமாவதும் இல்லை. இடது கைப்பழக்கம் குணமாகிறதா? வழிகள் கிடைக்கும், பழகும், பலர் நன்றாகவே சமாளிப்பார்கள். மீனெண்ணெய் மாத்திரை, மூளைக்கு லேகியம், நடு மூளையைத் தூண்டும் வகுப்பு எல்லாம் உங்கள் பணத்தைக் குறைக்கும். பிள்ளை அந்தக் கழித்தலைக் கற்றுக்கொள்ளாது.

எனக்கே 34 வயசு. இதெல்லாம் படிக்கப் படிக்க என்னைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு.

இப்படிச் சொல்பவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா அப்பாக்கள்தான். ஆட்டோவில் மீதி எவ்வளவு என்று தெரியாமல் 'வெச்சுக்கோங்க' என்று இறங்குவது, ஓட்டலில் பில்லைப் பிரிக்கும்போது பாத்ரூம் போவது, ஓடிபி ஆறு இலக்கத்தை இரண்டு தடவையாகப் பார்ப்பது. ஒரு அப்பா, புது வேலையில் கணக்கு பார்க்க வேண்டி வரும் என்பதற்காகவே இரண்டு பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மனைவிக்கே தெரியாது, என் முன்னறையில்தான் முதல் தடவை சொன்னார்.

பெரியவர்களையும் சோதிக்கலாம், ஆனால் அவசியமில்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து வெட்கமில்லாமல் பயன்படுத்துங்கள். நேரத்துக்கு அலாரம் இரண்டு வையுங்கள், ஒன்று கிளம்ப, ஒன்று தயாராக. பிள்ளையிடம் 'எனக்கும் வராது' என்று சொல்லுங்கள், கூடவே 'நான் இப்படிச் சமாளிக்கிறேன்' என்றும் காட்டுங்கள். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் பிள்ளை முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

தம்பி ஒண்ணாவதுதான் படிக்கறான், அஞ்சாவது படிக்கற அக்காவை முந்திட்டு பதில் சொல்றான். அவ புத்தகத்தையே தூக்கிப் போட்டுட்டா.

அவள் இடத்தில் நான் இருந்தால் தம்பியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டிருப்பேன். இருவரையும் ஒரே மேசையில் கணக்கோடு உட்கார வைக்காதீர்கள். அக்காவின் பதினைந்து நிமிடத்தில் தம்பிக்கு மாடியில் வேலை, பாட்டியோடு வேலை, ஏதாவது வேலை. ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் வேண்டாம், தம்பியைப் பாராட்டுவதுகூட அக்கா காதில் விழாமல் இருக்கட்டும்.

விளையாட்டில் மட்டும் சேர்க்கலாம், அதுவும் அதிர்ஷ்டம் பாதியாவது இருக்கும் விளையாட்டில். தாயம் சரிப்படும், ஏனென்றால் கட்டைக்கு யார் எந்த வகுப்பு என்று தெரியாது. தம்பி 'நான் சொல்றேன், நான் சொல்றேன்' என்று குதித்தால் அவன் வாயில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்துவிடுங்கள். அது கரைவதற்குள் அக்கா எண்ணி முடித்துவிடுவாள்.